மூணு குழி ஒரு சென்ட்

யாரிடமாவது ஒன்று கேட்கவேண்டும் என்றால் சின்ன வயசிலிருந்தே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இது விழுப்புரம் போகுமா என்று பக்கத்தில் நிற்கிற ஆளை ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. கேட்கமாட்டேன். போர்டைப் படிப்பேன். போர்டை மாற்றாமல் விட்டிருப்பார்களோ என்று சந்தேகம் வரும். ஏறுகிற சனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ்ஸுக்கும் இதே கதைதான். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில் டீச்சரும் இதையேதான் கேட்டார்.

அதனால்தானோ என்னவோ அந்தச் சின்னப் புஸ்தகம் எனக்கு அப்படிப் பிடித்துப்போனது.

ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற பஸ்ஸில் அதை வாங்கினேன். வீட்டுக்காரர் அப்போது நன்றாக இருந்தார். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலுக்குள் ஒரு ஆள் புகுந்து, உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் எல்லாம் ஆளுக்கொரு புஸ்தகத்தைப் போட்டுக்கொண்டே போனார்.

"கையில எடுத்துப் பாருங்க, காசு கேக்கல! பல்லி விழுந்தா இன்னா பலன், பாம்பு கடிச்சா இன்னா பண்ணணும், பாரீஸ் எந்த நாட்டுல இருக்குது, படி எத்தினி, மரக்கால் எத்தினி, எல்லாம் இதுல இருக்குதும்மா! வக்கீலயும் கேக்க வேணாம், வாத்தியாரயும் கேக்க வேணாம்! புடிச்சா வச்சுக்கோங்க, புடிக்கலன்னா சிரிச்ச மொகத்தோட திருப்பிக் குடுங்க!"

யாரையும் கேட்க வேண்டாம் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு பாரீஸு?" என்றார் வீட்டுக்காரர்.

"தேள் கடிக்கு," என்றேன்.

"எந்தத் தேளு உன்னாண்ட வரப் போவுது? அதுவே பயந்துக்கினு ஓடும், இந்தம்மா வாயே தொறக்காதுன்னு." சொல்லிக்கொண்டே காசை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளங்கை அகலம்தான். மேலட்டையில் உலக உருண்டைப் படம். வெற்றிலை பாக்கோடு சுருக்குப் பைக்குள் போட்டால் இருக்கிற இடமே தெரியாது. தாள் மெல்லிசு, பின் பக்கத்து எழுத்து முன் பக்கம் தெரியும். ஒரு பக்கத்தில் தேசக் கொடிகள், மறு பக்கத்தில் தேள் கடிக்கு முதலுதவி. அடுத்ததில் பல்லி விழும் பலன், தலையில் விழுந்தால் கலகம். அதை அடுத்து யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்று கட்டம் போட்டிருந்தது. எல்லாம் ஒரே எழுத்து, ஒரே மை. அதனால் எல்லாமே ஒரே அளவுக்கு நெஜம் என்று மனசு எடுத்துக்கொண்டது.

அதில் என்ன அப்படி ருசி என்று மகள் கேட்பாள். சொல்லத் தெரியாது. மனுஷரைக் கேட்டால் முதலில் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். இது கூடத் தெரியாதா என்று ஒரு பார்வை. அப்புறம் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எதற்குக் கேட்கிறாய். கடைசியில் பாதி பதில். நேற்றைக்கு ஒன்று சொன்ன ஆள் இன்றைக்கு வேறு சொல்கிறார். இந்தப் புஸ்தகம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பத்து தடவை திறந்தாலும் சலித்துக்கொள்ளாமல் அதையே சொன்னது. ஒரு கஜம் என்றால் மூணு அடி. ஏழைக்கும் மூணு அடிதான், இருக்கிறவனுக்கும் மூணு அடிதான். மில்லில் மூட்டை தூக்கினவருடைய மகளுக்கு இதை அச்சில் பார்ப்பது எவ்வளவு தெம்பு என்று, கேட்டு வாங்கப் பழகினவர்களுக்குப் புரியாது.

கேப்பை கிளறும்போது அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்திருப்பேன். பேரக்குழந்தை, "ஆயா, பரிச்சையா ஒனக்கு?" என்பாள்.

அடுத்த ஒரு வருஷத்துக்குள் வீட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டுவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் விழுப்புரத்தில்தான் ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவள் புருஷன் குழந்தை நடக்கிறதுக்கு முன்னாலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்கு லீவு கிடையாது. பகலெல்லாம் நான்தான் பெட்டுக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டர் வருவார், ஏதோ எழுதுவார், போவார். கேட்க வாய் வராது. அவர் போனதும் கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையைப் பார்ப்பேன், புஸ்தகத்தையும் எடுத்துப் பார்ப்பேன். மனுஷ உடம்பின் சூடு 98.4 என்று அதில் இருக்கும். அட்டையில் 102 என்று இருக்கும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவேன். எண்ணி என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கு அது மேல்.

ஒரு நாள் ரத்தம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருடைய அண்ணன் மகன் வந்தான், அவன் ரத்தம் சேரவில்லை. என் விரலில் குத்திப் பார்த்தார்கள். ஓ குரூப் என்று நர்ஸம்மா வேறு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அது எல்லாருக்கும் சேரும் என்று எனக்குத் தெரியும். நான் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. புஸ்தகத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, நர்ஸம்மா முன்னால் நீட்டினேன்.

"இன்னாம்மா இது? வாயால சொன்னா கொறஞ்சா பூடுவ? புஸ்தகத்தக் காட்டுது பாரு!" என்று நர்ஸம்மா பக்கத்துப் பெட் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தது. ஆனால் என்னைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அந்தப் புஸ்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பதிலாக அது பேசிவிட்டதே.

வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. 98.4 என்கிற எண்ணுக்கு அவர் உடம்பு திரும்பி வரவேயில்லை. கடைசியாகத் தொட்டுப் பார்த்தபோது அதற்கும் ரொம்பக் கீழே இருந்தது.

இனி நெலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் பிறந்த வீட்டுக்கு ஒரு சாண் நெலம் கிடையாது. வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்துக்கு மேற்கே கிராமம். மில்லில் இன்ஜின் பார்க்க வந்து திண்டிவனத்திலேயே தங்கிவிட்டார். ஊரில் இருந்த நெலத்தை அவர் அண்ணன்தான், எனக்கு மூத்தார், பயிர் செய்தார். வருஷா வருஷம் எங்களுக்கு நெல்லும், வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதுவும் மூட்டையில் வரும். குறை சொல்லக் கூடாது, ஒழுங்காக வந்தது. நெலம் எவ்வளவு, நம் பங்கு எது என்று நான் கேட்டதில்லை. அவரும் அளந்து பார்த்ததில்லை. மாமனார் சாகும்போது ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு வாயால் சொன்னது மட்டும்தான்: "கெணத்து மேட்டுல அறுவது குழி சின்னவனுக்கு. மீதி பெரியவனுக்கு." ஊருக்கே தெரிந்த பேச்சு.

வீட்டுக்காரர் போன பிறகு திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருக்க வழியில்லை. மகள், பேத்தி, நான், மூன்று பேருக்கும் அந்தக் கெணத்து மேட்டுப் பங்கை விட்டால் உலகத்தில் ஒன்றும் கிடையாது. பிரித்துக் கொடுங்கள் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டோம். அதற்குள் கருமாதிக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் மகளிடம் ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார். "உங்க பெரியப்பா வூடு கட்டிக்க அஞ்சு சென்ட் மட்டும் குடுத்துட்டு அனுப்பிடலாம்னு பாக்கறாரு. உசாரா இருங்க."

அந்த வாரம் முழுக்க நான் புஸ்தகத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். நில அளவைகள் என்று ஒரு பக்கம் இருந்தது. நூற்று நாற்பத்து நாலு சதுர அடி ஒரு குழி. மூன்று குழி ஒரு சென்ட். நூறு சென்ட் ஒரு ஏக்கர். அறுபதை மூன்றால் வகுத்தேன். இருபது சென்ட் வந்தது.

மகளை அழைத்துக் காட்டினேன். அவள் செல்போனில் போட்டுப் பார்த்தாள். "ஆமாம்மா, இதுலயும் அதான் இருக்குது. மூணு குழி ஒரு சென்ட்."

இருபது சென்ட்! நாங்கள் இருந்த வாடகை வீடு முழுசும் சேர்த்தால் ஒரு சென்ட்டுக்கு மேல் வராது. அந்த வீட்டை மனசுக்குள் வரிசையாக அடுக்கி அடுக்கி வைத்துப் பார்த்தேன். வைக்க இடம் போதவில்லை. அஞ்சு சென்ட் கொடுத்து ஏய்க்கப் பார்த்தால் இதை எடுத்துக் காட்டலாம், அச்சில் இருப்பதை யார் மாற்றிச் சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

பால் சொசைட்டி கட்டிட வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேசினார்கள். ஊர்ப் பெரியவர்கள் அஞ்சாறு பேர், மூத்தார், வேடிக்கை பார்க்க வந்த சனம். எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணன் எதிரில் தம்பி பெண்டாட்டி உட்காரமாட்டாள். நேராகப் பேசவும் மாட்டாள். எனக்கு அது எப்போதும் வசதியாகவே இருந்த வழக்கம். தூணுக்கு இந்தப் பக்கம் மகளோடு நின்றேன்.

"உங்கப்பன் இன்னா சொன்னாரு? அறுவது குழி சின்னவனுக்குன்னாரு. அதுல யாருக்கும் வில்லங்கம் இல்லையே?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

"எனக்கு இன்னா வில்லங்கம்? அறுவதுன்னா அறுவதுதான்," என்றார் மூத்தார்.

"செரி, பத்திரத்துல குழின்னு எழுத மாட்டான் இப்ப. சென்ட்டுல சொல்லணும். கணக்கு பாத்துச் சொல்லுங்கப்பா யாராவது."

இதோ, இங்கேதான் ஏமாற்றப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. சுருக்குப் பையை அவிழ்த்தேன். மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஏனோ, நானே படித்தேன். ஆஸ்பத்திரியில் வந்த தைரியமாக இருக்கலாம். இது என் பேச்சு இல்லை, புஸ்தகத்துப் பேச்சு. மூத்தார் எதிரில் நான் பேசினதாக ஆகாது என்றும் தோன்றியது.

"நூத்தி நாப்பத்திநாலு சதுர அடி ஒரு குழி. மூணு குழி ஒரு சென்ட்," என்று படித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அறுவது குழின்னா இருவது சென்ட் வருது."

ஒருத்தரும் பேசவில்லை. நான் தலையைத் தூக்காமல் நின்றேன். என் பேச்சுக்கு ஊரே அடங்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது.

நாற்காலி ஓரத்தில் இருந்த ஒரு கிழவர், "அது இல்லம்மா, நம்ப…" என்று ஆரம்பித்தார்.

"இந்தா, டீ வந்துடுச்சி. ஆறிடப் போவுது, ஜல்தி எடு," என்று பக்கத்திலிருந்தவர் அவர் கையில் பேப்பர் கப்பைத் திணித்தார்.

மூத்தார் கொஞ்ச நேரம் தன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரியே ஆவட்டும்," என்றார்.

"படிச்ச பொண்ணு, கரெக்டா சொல்லிடுச்சி!" என்று யாரோ சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பத்திரம் திண்டிவனத்தில் பதிவானது. இருபது சென்ட் என்று கொட்டை எழுத்தில் டைப் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டி முழுசும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, மை தடவிக் கைநாட்டு வைத்தாள். "உனுக்கு இன்னாடி, நீ கையெழுத்துக்காரி," என்றாள். வரும்போது எங்கள் மூன்று பேருக்கும் ஷேர் ஆட்டோ காசையும் மூத்தாரே கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷர், சொந்தக்காரர் பேச்சைக் கேட்டுத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மகளிடம் சொன்னேன்.

கெணத்து மேட்டில் மேற்கு ஓரத்தில் எங்களுக்கு அளந்து கல் நட்டார்கள். ஷீட் போட்டு ஒரு அறை கட்டிக்கொண்டோம். மகள் விழுப்புரம் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். மிச்ச இடத்தில் நான் மல்லாட்டை போட்டேன். என் பேரில் நெலம் என்பதால் காலையில் எழுந்து அதைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்பேன். கெணறு கல்லுக்கு அந்தப் பக்கம் மூத்தார் பங்கில் போய்விட்டது. அது எப்படி அந்தப் பக்கம் போனது என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்து நெலம் ஒரு வயசான அம்மாவுடையது. ஒரு நாள் காலையில் அவர் வரப்பில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"இருக்கறதே இருவது குழி. இதுல இன்னாத்தப் போட்டு இன்னாத்த எடுக்கறது? பேஜாருதான்."

நான் அவர் நெலத்தைப் பார்த்தேன். எங்களுடையதையும் பார்த்தேன். அவருடையது பெரிசாக இருந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிசு.

அன்றைக்கு மட்டும் எப்படியோ வாய் வந்தது. "இருவது குழியாங்க? அறுவது குழி இல்லையா?"

"அறுவதா! அறுவது இருந்தா நான் ஏம்மா இங்க குந்திக்கினு அழுவறேன்? அறுவதுன்னா முக்கா ஏக்கருக்கு மேல ஆச்சே. அதோ அந்தக் கெணத்தையும் தாண்டி, புளிய மரம் வரைக்கும் வரும்." கையைத் தூக்கி அவர் காட்டிய இடம் முழுக்க மூத்தார் கேப்பை நட்டிருந்தார். அப்புறம் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. கையை இறக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நம்ப பக்கம் குழி வேறம்மா. இருவத்திநாலு அடிக் கோலால அளக்கறது, நீளம் ஒரு கோலு, அகலம் ஒரு கோலு. நீ படிச்சியே, அது தெக்கத்திக் குழி. பன்னெண்டு அடிக் கோலு. இதுல நாலுல ஒண்ணுதான் வரும். ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும் என்கிற அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அப்படியே மல்லாட்டைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நாற்காலியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டீ குடித்தவர்களுக்குத் தெரியும். சிரித்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புஸ்தகம் பொய் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு சீமையில் மூன்று குழி ஒரு சென்ட்தான். அச்சடித்தவர்களுக்கு அந்தச் சீமைக் குழி தெரிந்திருக்கிறது. ஒரு அடி யாருக்கும் ஒரு அடிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் குழி அப்படி இல்லையாம், ஊருக்கு ஊர் மாறுமாம். இதை யாரையாவது கேட்டிருந்தால், ரோட்டில் மாடு ஓட்டிப் போகிறவர் கூடச் சொல்லியிருப்பார்.

மகளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மூத்தார் வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். உள்ளே போகக் கால் வரவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டேன்.

"பெரியப்பா, நம்ப ஊரு குழி எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினா கம்முனு இருந்தீங்க?"

"உங்கம்மா படிச்சுச்சு, ஊரு கேட்டுச்சு, நான் குடுத்தேன். நானா கம்மி பண்ணேன்?"

"அவங்க தெரியாம படிச்சுட்டாங்க பெரியப்பா."

"தெரியாதவங்க வாயத் தொறக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வரவில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் நம்பி நடந்துகொண்ட சட்டம் அதுதானே. ஒரே ஒரு நாள் மீறினேன்.

வக்கீலைப் பார்க்கலாம் என்று மகள் அலைந்தாள். நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கைநாட்டு வைத்திருந்தால் தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்ல ஒரு வழியாவது இருந்திருக்குமாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடமும் மகள் போனாள். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும், புஸ்தகத்துல இருந்தது," என்றார்கள். 'அது இல்லம்மா' என்று ஆரம்பித்த கிழவர் மட்டும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ஆனால் வந்து சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அந்த ஊரிலேதான் சாகவேண்டும்.

மல்லாட்டை பிடுங்கப் போகிற இடத்தில் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஏ, மூணு குழி! இந்தச் செடியப் புடுங்கு."

"மூணு குழியாம், ஒரு சென்டாம். நாலாவது குழி யாருக்குடி?"

"அது அவுளுக்குத்தான், தானா தோண்டிக்கினா இல்ல?"

சிரிப்பார்கள். கெட்ட மனசு என்று சொல்லமாட்டேன். வெயிலில் குனிந்து நிற்கிறவர்களுக்குச் சிரிக்க ஒன்று வேண்டும். கூழ் குடிக்கும்போது அவர்களே எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. பேத்தியைக் கூடப் பள்ளிக்கூடத்தில் மூணு குழி வீட்டுப் பெண் என்கிறார்களாம். அவள் வந்து என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அந்தப் புஸ்தகத்த அடுப்புல போடும்மா," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் போடவில்லை. இப்போது அதைத் திறப்பதும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு ராத்தல் எத்தனை கிராம், கொழும்பு எந்த நாடு என்று கேட்டால் விடை என் வாய் வரைக்கும் வருகிறது. விழுங்கிவிடுகிறேன்.

போன வருஷம் ஓரகத்தி ஒரு நாள் வந்தாள். கையில் முருங்கைக் கீரைக் கட்டு. கீரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்காத. அன்னிக்குக் காலைல அவரு அறுவதும் குடுக்கறதாதான் கெளம்பினாரு. கெணத்துக்கு அந்தாண்ட வரப்பு போட ஆளு கூட சொல்லி வச்சிருந்தாரு. கெணறு அவங்க பங்குல பூடுதே, தண்ணிக்கு நம்ப இன்னா பண்றதுன்னு நான்தான் சண்ட போட்டேன். எந்தம்பி பங்கு, அதுல கை வைக்க மாட்டேன்னாரு."

"அப்பறம் ஏன்க்கா?"

"நீதானடி படிச்ச," என்றாள். அதட்டவில்லை. பாவமாகத்தான் சொன்னாள். "கைல வந்து விழுந்தத யாரு வேணான்னுவாங்க? அவுரும் மனுசன்தான."

அவள் சொன்னது நெஜமா, இல்லை புருஷனுக்கு நல்ல பெயர் வாங்கித் தரச் சொன்னாளா, தெரியவில்லை. நெஜமாக இருந்தால் அஞ்சு சென்ட் என்று சொன்ன சொந்தக்காரர் பேச்சு பொய். அப்படியானால் அன்றைக்கு எனக்கு எதிராக அங்கே யாருமே இல்லை. நான் பையை அவிழ்க்கிற வரைக்கும் நெலம் முழுசும் என்னுடையதாகவே இருந்திருக்கிறது. கீரையை உருவி உருவி இலை எது காம்பு எது என்று தெரியாமல் ஒன்றாகப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அதைச் சமைக்கவில்லை.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மல்லாட்டை பூ வைக்கிற நேரத்தில் மண் வெடித்துக்கொண்டு நின்றது. ஒரு தண்ணி விட்டால் பிழைக்கும், விடாவிட்டால் போய்விடும். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் இருந்தாலும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள். கெணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டார் கொட்டகையில் மூத்தார் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். காலையில் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தேன். வெயில் ஏறின பிறகு இன்னொரு தடவை போய் நின்றேன். உள்ளங்கை ஈரமாகியிருந்தது, புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"யாரு?" என்றார். அவருக்கு இப்போது பார்வை மங்கல்.

"நான்தாங்க மாமா." அவரிடம் நேராக நான் பேசிய முதல் பேச்சு அதுதான். "செடி காயுது. கொஞ்சம் தண்ணி வுட்டீங்கன்னா…"

எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு, "எவ்ளோ நேரம் வேணும்?" என்றார்.

"நீங்க பாத்து வுடுங்க மாமா."

சுவிட்சைப் போட்டார். நான் மண்வெட்டியோடு ஓடிப்போய் மடையைத் திருப்பினேன். தண்ணீர் வந்தது. முதல் பாத்தி நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது. மூன்றாவதை வெட்டிவிட்டு நான்காவதற்கு வாய்க்காலை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கும்போது மோட்டார் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டதா, அவரே நிறுத்தினாரா என்று தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்கவில்லை. வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் வாரி வாரிக் கடைசிப் பாத்திச் செடிகளின் வேரில் ஊற்றினேன்.